தியென் மு: ஒரு கோயிலும் சில ஆணைகளும்

நான் படித்தது பிரெஞ்சு வழியில். எங்கள் வகுப்பில் வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயிலுக்குப் பெயர் 'பகோத் தெ வில்லெனூர்'. சிதம்பரம் நடராஜர் கோயிலும் பகோத்துதான். பிரெஞ்சுக்காரனுக்குக் கிழக்கே உள்ள எல்லாக் கோயிலும் பகோத். போதாததற்கு, நம்முடைய வராகன் என்ற பொன் நாணயத்துக்கும் ஐரோப்பியர் அதே பெயரை வைத்திருந்தார்கள். ஆகவே 'மூன்று பகோத் கொடுத்தான்' என்று ஒரு பழைய கணக்கில் இருந்தால், கோயிலைத் தூக்கிக் கொடுத்துவிட்டானோ என்று பயப்பட வேண்டியதில்லை. வெங்காயப் பக்கோடா நினைவுக்கு வருகிறவர்களுக்கும் ஒரு செய்தி: இந்தக் கட்டுரையில் அது வராது.

பகோடா என்றால் அடுக்கடுக்காக எழும் பௌத்தக் கோபுரம் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் பழக்கமாயிற்று. அப்படிப்பட்ட ஒன்றை, அதுவும் ஆற்றங்கரையில், நிதானமாகப் பார்க்கும் வாய்ப்பு ஓய்வு பெற்ற பிறகு கிடைத்தது. வியட்நாமின் நடுப்பகுதியில் ஹுவே என்று ஒரு நகரம். 1802 முதல் 1945 வரை நுயென் வம்ச அரசர்களின் தலைநகரம். அதன் ஊடே ஓடும் ஆற்றுக்கு ஹுவோங் என்று பெயர். வாசனை ஆறு என்று அர்த்தம். ஆற்றின் மேற்பகுதியில் உள்ள தோப்புகளின் பூக்கள் தண்ணீரில் விழுந்து மணக்கும் என்பதால் இந்தப் பெயர் என்கிறார்கள். நான் போனபோது படகின் டீசல் வாசனைதான் முந்திக்கொண்டது. ஆனாலும் அழகான ஆறு. அகலமாக, அவசரமில்லாமல் போகும்.

கோட்டையிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் மேற்கே, ஆறு வளைகிற இடத்தில், வடகரையில் ஒரு சின்ன மேடு. ஹா கே குன்று என்று பெயர். அதன் மேல் தியென் மு கோயில். படகிலிருந்து இறங்கினால் படிக்கட்டு நேராக மேலே போகிறது. எனக்கும் என் மனைவிக்கும் முழங்கால் விஷயத்தில் பெரிய பெருமை ஒன்றும் இல்லை. நின்று நின்று ஏறினோம். மேலே போனதும் முதலில் நிற்பது எண்கோண வடிவத்தில் ஏழு நிலைக் கோபுரம். செங்கல் கட்டடம், 21 மீட்டர் உயரம். நம் ராஜகோபுரங்களைப் பார்த்த கண்ணுக்கு அது உயரமே இல்லை. ஆனால் சுற்றிலும் வேறு உயரமான பொருள் எதுவும் இல்லாததால், ஆற்றில் வருகிறவனுக்கு அது ஒன்றுதான் தெரியும். அதுதான் அதன் கம்பீரம்.

சர்க்கார் ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு புரட்டியவன் நான். பிரெஞ்சு தெரிந்தவன் என்பதால் பழைய காலத்து 'அர்ரெத்தே'க்களை, அதாவது பிரெஞ்சு நிர்வாகத்தின் ஆணைகளை, படித்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த சூப்பரின்டெண்டென்ட் ஒருவர் அடிக்கடி சொல்வார்: "தம்பி, கோப்பைத் திறந்தால் பொருளைப் படிக்காதே, முதலில் தேதியைப் படி. பொருள் என்ன வேண்டுமானாலும் சொல்லும், தேதி பொய் சொல்லாது." தியென் மு கோயிலின் கதையை நான் புரிந்துகொண்டதும் அந்த வழியில்தான். அந்தக் கோயிலைச் சுற்றி நானூறு வருஷமாக ஆணைகள் விழுந்துகொண்டே இருந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் தேதியோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதல் ஆணை 1601. நுயென் ஹுவாங் என்ற பிரபு வடக்கே இருந்த அரசவையால் 1558இல் துவான் ஹோவா என்ற இந்தப் பகுதியை ஆள அனுப்பப்பட்டவர். ஊரைச் சுற்றிப் பார்க்கும்போது இந்த மேட்டைப் பார்த்தார். ஊர் ஜனங்கள் அவருக்கு ஒரு கதை சொன்னார்களாம். சிவப்புச் சட்டையும் பச்சைக் கீழாடையும் உடுத்திய ஒரு மூதாட்டி இரவில் இந்த மேட்டில் தோன்றி, உண்மையான தலைவன் ஒருவன் வருவான், இங்கே ஒரு கோயில் கட்டுவான், நாடு செழிக்கும் என்று சொல்லிவிட்டு மறைந்துபோனாள் என்று. பிரபு மகிழ்ந்து கோயில் கட்ட ஆணையிட்டார். தியென் என்றால் வானம். மு என்றால் மூதாட்டி. வானத்து மூதாட்டி கோயில்.

நம் ஊர்க்காரனுக்கு இந்தக் கதை புதிதே இல்லை. அம்மன் வயசான கிழவி வேஷத்தில் வந்து இடம் காட்டாத ஊர் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கிறது? என் மனைவி கதையைக் கேட்டதும், "நம்ம ஊர் எல்லையம்மன் கதை மாதிரியே இருக்கே" என்றாள்.

இப்போது தேதியைப் பாருங்கள். துவோங் வான் ஆன் என்ற அறிஞர் இந்தப் பகுதியைப் பற்றி எழுதிய நூல் 1550களைச் சேர்ந்தது. அதிலேயே தியென் மு என்ற கோயில் ஆற்றங்கரை மேட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறார். அதாவது பிரபு இங்கே வருவதற்கு முன்பே மூதாட்டி அங்கே குடியிருந்தாள். 1601இல் நடந்தது புதிய கோயில் அல்ல, புதிய அங்கீகாரம். அதற்கும் முன்னே போனால், 1306 வரை இந்தப் பூமி சம்பா நாட்டைச் சேர்ந்தது. சாம் மக்களின் அரசர் மூன்றாம் ஜெயசிம்மவர்மன் ஒரு வியட்நாமிய இளவரசியை மணந்துகொள்ள இரண்டு மாகாணங்களைச் சீதனமாகக் கொடுத்தபோது கைமாறிய நிலம் இது. ஜெயசிம்மவர்மன் என்ற பெயரைக் கேட்டாலே தெரியும், சிவனையும் தேவியையும் கும்பிட்ட ராஜ்யம். சாம் மக்களின் பெருந்தெய்வம் போ நகர் என்ற தாய். அந்தத் தாயை வியட்நாமியர்களும் வேறு பெயரில் ஏற்றுக்கொண்டார்கள். இதே ஆற்றில் இன்னும் மேலே போனால் ஹோன் சென் என்ற குன்றில் இன்றும் அவளுக்குக் கோயில் உண்டு. வானத்து மூதாட்டியும் அந்தத் தாயும் ஒருத்திதானா என்று ஆராய்ச்சியாளர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஆட்சி மாறினாலும் ஆற்றங்கரை மேட்டில் ஒரு தாய் இருந்தாள் என்பது மட்டும் எனக்குப் போதும். புதிதாக வருகிற அதிகாரி, ஊரில் ஏற்கனவே இருப்பதைத் தன் கையெழுத்தில் ஆணையாகப் போடுவது எங்கள் ஆபீசிலும் நடக்கிற காரியம்தான். அதில் தப்பில்லை. ஊர் மனசு தெரிந்தவன் போடுகிற ஆணை அது.

அடுத்து வந்த பிரபுக்களில் நுயென் ஃபுக் சூ இந்தக் கோயிலுக்கு நிறையச் செய்தவர். 1710இல் ஒரு பெரிய மணி வார்க்கச் சொன்னார். இரண்டு டன்னுக்கு மேல் எடை, இரண்டரை மீட்டர் உயரம். கோபுரத்தின் ஒரு பக்கம் சிறு மண்டபத்தில் இன்றும் தொங்குகிறது. இன்னொரு பக்க மண்டபத்தில் பளிங்கு ஆமையின் முதுகில் ஒரு கல்வெட்டு நிற்கிறது. 1715ஆம் வருஷத்தது. திருப்பணி விவரங்களைப் பிரபுவே எழுதிப் பொறித்திருக்கிறார். நம் ஊரில் ஆமை புகுந்த வீடு உருப்படாது என்போம். அங்கே ஆமை நீண்ட ஆயுளுக்கு அடையாளம். முன்னூறு வருஷமாகக் கல்லைச் சுமந்துகொண்டு முகத்தில் ஒரு சலிப்பும் இல்லாமல் இருக்கிறது. எங்கள் ஆபீஸ் டெஸ்பாட்ச் கிளார்க் ஒருவரின் ஞாபகம் வந்தது.

நான் முதலில் சொன்ன கோபுரம் அதற்கும் பிந்தையது. 1844இல் தியூ ட்ரி என்ற அரசர் தன் பாட்டியைக் கௌரவிக்கக் கட்டியது. ஃபுவாக் யுவென் கோபுரம் என்று பெயர். ஒவ்வொரு நிலையும் ஒரு புத்தருக்கு.

பிரெஞ்சுக்காரர்கள் வந்த பிறகு இதற்கு வேறு பெயர் கிடைத்தது. பழைய தபால் அட்டைகளில் இந்தக் கோபுரத்தின் படத்துக்குக் கீழே 'தூர் தெ கொன்ஃபுசியூஸ்' என்று அச்சடித்திருப்பார்கள். அதாவது கன்பூசியஸ் கோபுரம். சைகோனில் வேலை பார்த்த என் பெரியப்பா வீட்டில் அப்படி ஒரு அட்டை இருந்தது. கன்பூசியசுக்கும் இந்தக் கோபுரத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இன்னும் கொஞ்சம் மேற்கே, அதே கரையில், 1808இல் கட்டிய கன்பூசியஸ் கோயில் ஒன்று இருக்கிறது. இரண்டையும் யாரோ குழப்பியிருக்கலாம். குழப்பினாலும் அச்சேறிவிட்டது. அச்சேறிய தப்பு அரசாங்கத் தப்பு மாதிரி, சீக்கிரம் சாகாது.

இரண்டாவது ஆணை 1862. து டுக் என்ற அரசர் போட்டது. அவருக்குக் குழந்தை இல்லை. 'வானம்' என்ற சொல்லைப் பூமியில் ஒரு கோயிலுக்கு வைத்திருப்பது வானத்துக்கு மரியாதைக் குறைவு, அதனால்தான் தனக்கு வாரிசு இல்லையோ என்று பயந்தார். தியென் என்ற சொல்லை எடுத்துவிட்டு லின் என்று மாற்றச் சொன்னார். லின் என்றால் புனிதமான. தியென் மு, லின் மு ஆயிற்று. 1869இல், ஏழு வருஷம் கழித்து, பழைய பெயரே இருக்கட்டும் என்று திருப்பி ஆணையிட்டார். குழந்தை கடைசிவரை பிறக்கவில்லை. அண்ணன் தம்பி பிள்ளைகளைத் தத்தெடுத்துக்கொண்டு 1883இல் இறந்துபோனார்.

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் தேதியைப் பாருங்கள். 1862 ஜூன் மாதத்தில்தான் சைகோன் உடன்படிக்கை கையெழுத்தானது. கியா டின், பியென் ஹோவா, டின் துவோங் என்று தெற்கே மூன்று மாகாணங்கள் பிரெஞ்சு வசமாயின. எங்கள் புதுச்சேரி, காரைக்கால் ஜனங்கள் கப்பலேறிச் சைகோனுக்குக் குமாஸ்தாவாகவும் சொல்தாவாகவும் வரி வசூல்காரராகவும் போவதற்கு வழி திறந்தது அப்படித்தான். என் பெரியப்பாவின் சம்பளமும் அந்தக் கையெழுத்திலிருந்துதான் வந்தது. ராஜ்யத்தின் தென்பகுதி கையை விட்டுப் போகிறது, அரண்மனையில் பிள்ளை இல்லை. அரசரால் மாற்ற முடிந்தது ஒரு கோயிலின் பெயர்ப் பலகை ஒன்றுதான். அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

கோயில் வாசலில் ஆற்றைப் பார்த்தபடி ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எண்பது வயசுக்கு மேல் இருக்கும். நான் மனைவியிடம் ஏதோ விளக்கும்போது 'முசியே து டுக்' என்று விளையாட்டாகச் சொன்னது காதில் விழுந்து, "பிரெஞ்சு பேசுவீர்களா, முசியே?" என்று கேட்டார். அந்தக் காலத்தில் ஹுவேயில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவராம். ஒரு தமிழனும் ஒரு வியட்நாமியரும் இரண்டு பேரையும் ஆண்டவனுடைய பாஷையில் அரை மணி நேரம் பேசினோம். அவர் இலக்கணம் என்னுடையதைவிடச் சுத்தம்.

"எங்கள் வீட்டில் லின் மு என்றுதான் சொல்வோம்" என்றார்.

"அரசர் 1869இலேயே திரும்ப மாற்றச் சொல்லிவிட்டாரே?"

"சொன்னார். என் கொள்ளுப்பாட்டிக்கு யாரும் தெரிவிக்கவில்லை."

இன்றும் ஹுவேயில் இரண்டு பெயரும் வழக்கில் இருக்கின்றன. ஆணை போட்டால் போதாது, உரியவர்களுக்குச் சேர்ப்பிக்க வேண்டும் என்று அலுவலக நடைமுறை நூல் சொல்லும். நூற்றைம்பது வருஷமாகியும் அந்த நகல் சில வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

இனி மூன்றாவது ஆணை. இதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையையே ஆரம்பித்தேன்.

பெரிய மண்டபத்தில் சிரிக்கும் மைத்ரேயரையும் அவருக்குப் பின்னால் புத்தர்களையும் வணங்கிவிட்டு, பெரும்பாலான பயணிகள் படகுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பின்பக்கம் போக வேண்டும். அங்கே ஒரு சிறிய கொட்டகையில் வெளிர்நீல ஆஸ்டின் கார் ஒன்று நிற்கிறது. டிபிஏ 599 என்று எண். கோயிலில் கார் எதற்கு என்று முதலில் புரியாது. பின்னால் சுவரில் ஒரு புகைப்படம். பார்த்ததும் புரிந்துவிடும். நடுத்தெருவில் பத்மாசனத்தில் அமர்ந்த ஒரு பிக்கு, முழுவதும் தீ. சற்றுத் தள்ளி இதே கார்.

அவர் பெயர் திக் குவாங் டுக். வயது 66. 1963 ஜூன் 11 அன்று இந்தக் காரில் சைகோன் நாற்சந்தி ஒன்றுக்கு வந்து இறங்கி, உட்கார்ந்து, உடலில் பெட்ரோல் ஊற்றச் செய்து, தானே தீக்குச்சி கிழித்தார். மால்கம் பிரௌன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் எடுத்த படம் உலகம் முழுவதும் போயிற்று. காரைப் பிற்பாடு இந்தக் கோயிலுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தீ சைகோனில் எரிந்தாலும், கிளம்பிய இடம் ஹுவே. கிளப்பியது ஒரு சுற்றறிக்கை.

அப்போது தென் வியட்நாமின் ஜனாதிபதி நோ டின் டியெம். கத்தோலிக்கர். அவருடைய அண்ணன் நோ டின் துக் ஹுவே நகரின் பேராயர். 1963 மே மாதத் தொடக்கத்தில், பேராயர் ஆயர் பட்டம் பெற்ற 25ஆம் ஆண்டு விழாவுக்கு ஊரெல்லாம் வத்திக்கான் கொடி பறந்தது. சில நாள் கழித்து மே 8 புத்தர் பிறந்த நாள். அதற்கு முந்தைய நாட்களில் ஹுவேக்கு ஒரு உத்தரவு வந்தது: பொது இடங்களில் மதக் கொடிகள் பறக்கக் கூடாது, தேசியக் கொடி மட்டுமே பறக்கலாம்.

அந்த உத்தரவை மட்டும் தனியாகப் படித்தால் குற்றம் சொல்ல முடியாது. எந்த மதத்தின் பெயரும் அதில் குறிப்பாக இல்லை. எல்லா மதக் கொடிக்கும் பொது. ஒரு நல்ல குமாஸ்தா தயாரித்த வரைவு மாதிரி இருக்கும். தேதியோடு சேர்த்துப் படித்தால்தான் விஷயம் தெரியும். பேராயர் விழாவுக்கு முந்தின வாரம் வந்திருந்தால் அது நியாயம். அடுத்த வாரம், புத்தர் பிறந்த நாளுக்கு முன்னால் வந்ததால் அநியாயம். எழுத்து ஒன்றுதான், தேதிதான் வேறு.

அந்தக் கொடியைப் பற்றி ஒரு வார்த்தை. நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள் பட்டைகள் கொண்ட பௌத்தக் கொடி. 1885இல் இலங்கையில், கொழும்பில் உருவாக்கப்பட்டது. 1950களில் உலக பௌத்தர்களின் பொதுக்கொடியாக ஏற்கப்பட்டது. ஹுவே ஜனங்கள் அந்த வருஷமும் அதை வீடுகளில் ஏற்கனவே கட்டிவிட்டிருந்தார்கள். போலீஸ் அவிழ்க்கச் சொன்னது.

மே 8 மாலை ஹுவே வானொலி நிலையத்தின் முன்னால் ஜனங்கள் கூடினார்கள். அன்று காலை பிக்குகள் பேசியதை ஒலிபரப்புவார்கள் என்று எதிர்பார்த்து வந்தவர்கள். ஒலிபரப்பு நடக்கவில்லை. படை வந்தது. வெடிச் சத்தம், துப்பாக்கிச் சூடு. எட்டுப் பேர் அங்கேயே இறந்தார்கள், அவர்களில் சிறுவர்களும் உண்டு. அரசாங்கம் கம்யூனிஸ்டுகள்தான் காரணம் என்றது. இரண்டு நாள் கழித்துப் பௌத்தர்கள் ஐந்து கோரிக்கைகளை வைத்தார்கள். முதல் கோரிக்கை என்ன தெரியுமா? கொடி உத்தரவை ரத்து செய்ய வேண்டும். அடுத்தது, 1950இல் வந்த 10ஆம் எண் சட்டத்தை மாற்ற வேண்டும் என்பது. அந்தச் சட்டம் பௌத்தத்தைச் சாதாரணச் சங்கங்களின் பட்டியலில் வைத்திருந்தது. கத்தோலிக்க சபைக்கு அந்தப் பட்டியலிலிருந்து விலக்கு. கைதுகளை நிறுத்துவது, வழிபாட்டுச் சுதந்திரம், இறந்தவர்களுக்கு ஈடும் பொறுப்பானவர்களுக்குத் தண்டனையும் என்பவை மற்றவை. ஆட்சி மாற வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. ஐந்தையும் ஒரு பக்கத்தில் டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். போடவில்லை. ஒரு மாதத்தில் ஆஸ்டின் கார் கிளம்பியது. ஆகஸ்டில் சைகோனிலும் ஹுவேயிலும் கோயில்களுக்குள் படை புகுந்தது. நவம்பர் 1இல் ராணுவப் புரட்சி. மறுநாள் ஜனாதிபதியும் அவர் தம்பியும் கொல்லப்பட்டார்கள்.

என் பெரியப்பா அந்த ஜூன் மாதத்தில் சைகோனில் இருந்தார். ஊருக்குத் திரும்பிய பிறகு எப்போதாவது சொல்வார். அவர் அந்தத் தெருவுக்குப் போகவில்லை. செய்தி ஆபீசுக்கு வந்தபோது டைப்ரைட்டர் சத்தம் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக நின்றுபோயிற்றாம். பக்கத்து மேஜையில் இருந்த கத்தோலிக்க வியட்நாமியப் பெண்மணி சிலுவை போட்டுக்கொண்டு அழுதாராம். "அன்னைக்கு அழாதவங்க எங்க ஆபீஸ்ல யாரும் இல்லடா" என்பார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொன்னதில்லை.

நியாயத்துக்கு இதையும் எழுத வேண்டும். இதே ஹுவே அரண்மனையிலிருந்து கத்தோலிக்கர்களுக்கு எதிராகவும் ஆணைகள் போயிருக்கின்றன. 1833இல் மின் மாங் அரசர் கிறிஸ்தவத்தைத் தடை செய்தார். பெயரை மாற்றினாரே து டுக், அவரும் 1848, 1851 வருஷங்களில் அப்படிப்பட்ட ஆணைகள் போட்டவர்தான். பாதிரிமாரும் உள்ளூர் விசுவாசிகளும் உயிரிழந்தார்கள். பிரெஞ்சுப் படை உள்ளே வர அது ஒரு சாக்காயிற்று. ஆகையால் எந்த மதம் நல்லது, எந்த மதம் கெட்டது என்ற கணக்கு இங்கே உதவாது. ஜனங்கள் கும்பிடுகிற இடத்தில் சர்க்கார் எழுதுகோல் நுழையும்போது என்ன ஆகிறது என்பதுதான் கணக்கு.

நம் பக்கத்திலும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்தக் கோபுரம் இருந்தது. செங்கல்லால் கட்டிய மூன்று நிலைக் கட்டடம். மாலுமிகள் அதைச் 'சீன பகோடா' என்று அழைத்து, கடலிலிருந்து கரையை அடையாளம் காண அதைப் பார்ப்பார்களாம். வால்டர் எலியட் என்ற ஆங்கில அதிகாரி அதை 1846இல் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். ஹுவேயில் ஏழு நிலைக் கோபுரம் எழுந்து அப்போது இரண்டே வருஷம். பக்கத்தில் கல்லூரி கட்டிய சேசு சபையார் பழைய கோபுரத்தை இடிக்க அனுமதி கேட்டார்கள். 1867இல் சென்னை அரசாங்கம் அனுமதி கொடுத்தது. இடித்தாயிற்று. அந்த வட்டாரத்தில் பிற்பாடு கிடைத்த வெண்கலப் புத்தர்கள் இப்போது அருங்காட்சியகங்களில் இருக்கிறார்கள். ஹுவேயின் கோபுரம் ஒரு புயலையும் இரண்டு போர்களையும் தாண்டி நிற்கிறது. நம்முடையது ஒரு அனுமதிக் கடிதத்தைத் தாண்டவில்லை. அதைத் தடுக்க அன்று நாகையில் பௌத்தர் யாரும் மிச்சமில்லை. கும்பிட ஆள் இருக்கும் கோயிலுக்கும் இல்லாத கோயிலுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான் என்று நினைக்கிறேன்.

புயல் என்றேன். 1904இல் ஹுவேயைப் பெரும் புயல் தாக்கியபோது தியென் மு கோயிலின் பல மண்டபங்கள் விழுந்தன. 1907இல் தான் தாய் அரசர் சீரமைத்தார். அதே வருஷம் பிரெஞ்சுக்காரர்கள் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். பிற்பாடு ரெயூனியன் தீவுக்கு நாடு கடத்தினார்கள். ரெயூனியன் நமக்குத் தெரிந்த தீவுதான். நம் ஜனங்களைக் கரும்புத் தோட்டத்துக்கு ஏற்றிப்போன இடம். தமிழ்க் கூலிகளின் பேரப்பிள்ளைகளும் வியட்நாமின் பழைய அரசரும் ஒரே தீவில் இருந்திருக்கிறார்கள். 1993இல் யுனெஸ்கோ ஹுவேயின் சின்னங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இந்த வரிசையில் கோயிலுக்குத் தீங்கு செய்யாத ஆணைகளும் உண்டு என்று காட்ட இதைச் சொல்கிறேன்.

ஹுவேயிலிருந்து நாங்கள் தெற்கே சைகோன் போனோம். அங்கே தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் நகரின் நடுவே இருக்கிறது. தமிழர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். ஆனால் சன்னிதியில் கூட்டம் குறையவில்லை. வியட்நாமியப் பெண்கள் ஊதுபத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரில் நெற்றியை வைத்து அம்மனிடம் ரகசியமாக எதையோ கேட்கிறார்கள். அவர்கள் அந்தக் கோயிலுக்கு வைத்திருக்கும் பெயர் 'சுவா பா ஆன்'. சுவா என்றால் அவர்கள் பாஷையில் பௌத்தக் கோயில். பா என்றால் அம்மா, மூதாட்டி. ஆன் என்றால் இந்தியா. இந்தியப் பாட்டி பகோடா! பிரெஞ்சுக்காரன் நம் கோயிலைப் பகோத் என்றபோது எனக்கு அது அரைகுறை அறிவாகப் பட்டது. இந்தப் பெண்கள் சொல்லும்போது அப்படிப் படவில்லை. அவர்கள் நெற்றியை வைத்துவிட்டுச் சொல்கிறார்கள்.

ஹுவே போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். தியென் மு கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கோட்டைப் பக்கத்துப் படகுத்துறையிலிருந்து படகிலும் போகலாம், சாலையிலும் போகலாம். முழங்காலுக்கும் முழுக்கைக்கும் துணி இருக்கட்டும். காலையில் சீக்கிரம் போனால் வெயிலும் இல்லை, கூட்டமும் இல்லை. கோபுரத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மணியையும் ஆமையையும் பாருங்கள். பின்பக்கம் போய் அந்தக் காரின் முன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அதற்கும் பின்னால் பைன் மரத் தோட்டத்தில், இந்தக் கோயிலின் தலைமைப் பிக்குவாக நெடுங்காலம் இருந்து 1992இல் மறைந்த திக் டோன் ஹாவ் அவர்களின் சமாதிக் கோபுரம் இருக்கிறது. அங்கே நிழல் உண்டு. சின்னஞ்சிறு சிஷ்யப் பிள்ளைகள், முன் நெற்றியில் மட்டும் ஒரு கற்றை முடி விட்டு மொட்டையடித்துக்கொண்டு, சாம்பல் நிற உடையில் துடைப்பத்தோடு சருகு கூட்டிக்கொண்டிருப்பார்கள். பெயர் தியென் முவா, லின் முவா என்று அவர்களைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவன் ஒன்று சொன்னான், இன்னொருவன் மற்றொன்று சொன்னான். பிறகு இருவரும் சிரித்துக்கொண்டு கூட்டப் போய்விட்டார்கள்.